இரண்டாவதாகப் பார்த்தவர்

அருளானந்தம் சார் போய்விட்டார் என்ற செய்தியைக் காதர் பாய்தான் கொண்டுவந்தார். கீழமாசி வீதியில் என் கடை வாசலில் சாம்பிராணிப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. உலகச் சண்டை முடிந்த பிறகு கண்ணில் பட்ட முதல் நல்ல சரக்கு. ஒரு பெட்டியைப் பிரித்து முகர்ந்துகொண்டிருந்தேன். எப்போதும் சிரித்துக்கொண்டே படியேறி வருகிற பாய் அன்று தெருவிலேயே நின்றார்.

"அண்ணே, சார் காலையில மவுத்தாயிட்டாக. காப்பியக் குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவுக எந்திரிக்கலையாம்."

என் மனதில் முதலில் எழுந்தது துக்கம்தான் என்று எழுத எனக்கும் ஆசை. ஆனால் இந்த நினைவு மலரைப் படிக்கப்போகிறவர்கள் எல்லாரும் அவரோடு பழகியவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் சரக்கில் மண் கலந்து விற்க எனக்குக் கை வரவில்லை. முதலில் எழுந்தது, சாவுகூட இந்த மனிதருக்கு மட்டும் எப்படி இத்தனை சுலபமாக வாய்த்தது என்ற எரிச்சல். அடுத்து எழுந்தது, பாய்க்கு மட்டும் எனக்கு முன்னால் எப்படித் தகவல் போனது என்ற கேள்வி. துக்கம் அதற்கும் பிறகு, பெட்டியை மூடிக் கடையைச் சாத்தும்போது வந்தது. வந்தது போகவில்லை.

மிஷன் கல்லூரியில் விலங்கு சாஸ்திரம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர் என்பது உங்களுக்குத் தெரியும். சாம்பிராணிக் கடைக்காரன் அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். மலர்க் குழுவினரிடம் நானும் அதையே சொன்னேன். "நீங்கதானே அந்தக் கல்லைக் கொடுத்தவர்" என்றார்கள். அந்தக் கல்லைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கோச்சடையில் அவர் வீட்டு வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்து நான் மலைத்துவிட்டேன். கூட்டத்தைப் பார்த்ததும் கண்ணாலேயே எடைபோடுவது எங்கள் தொழில் புத்தி. உத்தியோகத்தில் இருக்கும் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் குதிரையை அவிழ்க்காமலே ஓரமாக நின்று அழுதார். வெளிநாட்டுப் பார்சலுக்கு முத்திரை குத்துகிற தபாலாபீஸ்காரர் பூ வாங்கி வந்திருந்தார். அந்த மனிதரிடம் சொத்து இல்லை, சிபாரிசு இல்லை, யாருக்கும் ஆகவேண்டிய காரியம் எதுவும் அவர் கையில் இல்லை. அப்படியும் இவ்வளவு பேர். என் சாவுக்கும் கூட்டம் வரும். வேண்டியவன் வருவான், வராமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று பயந்தவன் வருவான். சும்மா வருகிறவன் எத்தனை பேர் தேறுவான் என்று வைகைக்கரை ஓரமாக நடந்து வரும்போது யோசித்துப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

சண்டைக்கு முன்னால் ஒருநாள் அவர் முதல்முறையாக என் கடைக்கு வந்தார். அப்போது பர்மாவிலிருந்து எனக்குச் சாமான்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் பிசின் கல்லும் ஒன்று. எந்த யுகத்திலோ மரத்தில் வடிந்த பிசின் மண்ணுக்குள் போய்க் கல்லாக இறுகிப்போனது. தேன் நிறம், கையில் எடுத்தால் பாரமே இருக்காது, துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். தெளிவான கல் மணி கோக்கிறவர்களுக்குப் போகும். தூசியும் பூச்சியும் உள்ளே மாட்டிக்கொண்ட கல்லைக் கழிசல் என்று ஒதுக்கி, இடித்து வார்னீஷ் காய்ச்சுகிறவர்களுக்குத் தள்ளிவிடுவோம். அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து, அந்தக் கழிசல் இருக்கிறதா என்று கேட்டார். கலப்படம் பிடிக்க வந்த ஆபீசர் என்று நினைத்தேன். நல்ல சரக்கை விட்டுவிட்டுக் கழிசலைக் கேட்கிறவன் வேறு யாராக இருக்க முடியும்?

கூடையை அவர் முன்னால் கவிழ்த்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாக வெளிச்சத்தில் திருப்பினார். கடையில் ஆள் வருகிறது, போகிறது. மூட்டை ஏறுகிறது, இறங்குகிறது. அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. என் கடையில், என் கண் முன்னால், நான் குப்பை என்று ஒதுக்கிய கூடைக்குள் ஒருவர் இப்படித் தொலைந்துபோவதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் மோப்பத்தில் குங்கிலியத்துக்கு ஊர் சொல்லுகிறவன் நான். அந்தக் கூடை என் காலடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. எனக்குத் தெரியாமல் அதில் என்ன இருக்கிறது?

கேட்டேன். அவர் ஒரு கல்லை நீட்டினார். உள்ளே ஒரு கொசு வெள்ளிப் பூச்சு பூசினாற்போல் மினுங்கியது. அழகாக இருக்கிறதே என்றேன்.

"அழகுதான் அண்ணே, ஆனா உள்ள ஒண்ணும் இல்ல. உடம்பு எப்பவோ போயிருச்சு, கூடுதான் நிக்குது. காத்து இருக்கிறதால மினுங்குது. மினுங்காத பூச்சி கிடைச்சா எனக்கு எடுத்துவைங்க. வெளியே பாக்குறதுக்கு ஆள் இருக்காங்க. நான் உள்ளே பாக்குற ஆளு."

உள்ளே என்றால் குடல், ஈரல் என்பதுதான் என்று பிறகு தெரிந்தது. ஒருநாள் கோச்சடை வீட்டுக்குக் கூட்டிப்போய் எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். வழவழப்பான கருங்கல் பலகையில் தண்ணீர் விட்டு, மாவு போன்ற பொடியைத் தூவி, அதன்மேல் பிசின் கல்லை வைத்துத் தேய்ப்பார். நாலு சுற்று. கழுவுவார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். தெரிகிறதை அப்படியே வரைந்துகொள்வார். மறுபடியும் நாலு சுற்று. முதலில் பார்த்தது அதற்குள் தூளாகத் தண்ணீரோடு போயிருக்கும், அடுத்த படலம் தெரியும். இப்படியே ஒரு பூச்சியைத் தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்து முடித்தால், பூச்சியும் இருக்காது, கல்லும் இருக்காது. இது போட்ட முதலையே தின்கிற வியாபாரம் சார் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு விரல்களைக் காட்டினார். நுனியில் ரேகையே இல்லை. "கல்லு மட்டுமா தேயுது" என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கம், எழுமலையில், முதல் மழைக்குப் பிறகு புற்றிலிருந்து ஈசல் கிளம்பினால் பிடித்து வறுத்துப் பொரியோடு தின்போம். கறையானுக்கு இறகு முளைத்தால் ஈசல். அதை எல்லாரும் எறும்பு ஜாதி என்றுதானே நினைத்திருக்கிறோம்? வெள்ளைக்காரன்கூட வெள்ளை எறும்பு என்கிறான். இல்லை, அது கரப்பான் பூச்சியின் சொந்தம் என்றார் சார். கோழிக்கு இரையை அரைக்க ஒரு பை இருப்பதுபோல், கரப்பானுக்குத் தொண்டைக்குக் கீழே ஒரு பை உண்டு, அதில் வட்டமாக ஆறு பல். அந்த வட்டம் ஈசலுக்கும் இருக்கிறது, ஆனால் பல் தேய்ந்து சிறுத்துவிட்டது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் எப்போதோ பாகம் பிரிந்து போய்விட்டார்கள் என்பது அவர் கட்சி. இதை வீட்டில் சொன்னபோது என் சம்சாரம் செல்லம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"அப்ப இம்புட்டு வருஷமா கரப்பானையா வறுத்துத் தின்னீக? என்னைய அந்தச் சட்டியத் தொடச் சொன்னீகளே."

அந்த வருஷத்திலிருந்து நான் ஈசல் தின்பதை விட்டேன். சாருக்கு அந்த அருவருப்பும் கிடையாது. கொடுத்தால் வாங்கித் தின்பார். அவருடைய சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர், படைத்தவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படைத்தார் என்றிருக்க, நீர் இப்படிப் பேசலாமா என்று என் எதிரிலேயே கேட்டார். "அவர் படைச்சாரான்னு நான் பாக்கலை ஐயா. எப்படிப் படைச்சார்னு பாக்குறேன். கிட்டப் போய்ப் பாக்குறதும் ஜெபந்தான்" என்று பதில் சொன்னார். இப்படி ஒரு வார்த்தை எனக்கு வாயில் வந்திருந்தால் அதைக் கடைப் பலகையிலேயே எழுதி மாட்டியிருப்பேன்.

அவர் வாதத்துக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. வெளிநாட்டில் இந்தச் சாஸ்திரத்தில் பெரியவர் ஒருவர், சார் எழுதி அனுப்பியதைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்றைய ஈசலின் வயிற்றைக் காட்டி அன்றைய ஈசலைப் பற்றிப் பேசக்கூடாது, யுகயுகத்துக்கு முந்திய ஈசலின் வயிற்றுக்குள் பல் எப்படி இருந்தது என்று காட்டு என்று கேட்டாராம். கேட்டது நியாயம் என்றார் சார். பழைய ஈசலின் பல் கரப்பானுடையதைவிடச் சிறியதாக, இன்றைய ஈசலுடையதைவிடப் பெரியதாக இருந்தால், பிரிந்து போனவர்கள் நடுவழியில் நின்ற இடத்தைப் பார்த்தது போல ஆகும். அதற்கு ஈசல் மாட்டிய கல் வேண்டும். அது மினுங்காத ஈசலாக இருக்கவேண்டும்.

அப்படி ஒரு கல் என் கடையில், என் கல்லாப்பெட்டியின் மேல், ஒரு பித்தளைத் தட்டில் இருந்தது.

நான் ரங்கூனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கென்று வாங்கிய முதல் சரக்கு அது. இறகு விரித்த ஒரு ஈசல், மங்கிய பழுப்பு. மினுக்கம் இல்லாததால் சல்லிசாகக் கிடைத்தது. "கண்ணில்லாத பய, அழுக்கை வாங்குறான்" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அது என் கைக்கு வந்த பிறகு தொட்டதெல்லாம் துலங்கியது. கல்லால்தான் துலங்கியதா, நான் பாடுபட்டதால் துலங்கியதா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் சந்தனப் பொட்டு வைத்துக் கடை திறப்பேன். ஈசல் கல் கடை என்றால்தான் அந்த வீதியில் வழி சொல்வார்கள்.

சார் அதைப் பார்த்துவிட்டார். அனுமதி கேட்டுக் கையில் எடுத்து ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பினார். "இது கூடு இல்ல, ஆளு உள்ளேயே இருக்காக" என்று மெதுவாகச் சொன்னார். திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் தவறாமல் வருவார், கல்லை எடுத்துப் பார்ப்பார், வைப்பார், போவார். ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் மறுக்கவேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். மறுத்துவிட்டேன் என்ற திருப்தியையாவது அவர் எனக்குக் கொடுத்திருக்கலாம்.

ஒரு தீபாவளிக்குச் சாமான் எடுக்கக் கடைக்கு வந்த செல்லம்மாள், அவர் அந்தக் கல்லைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் போன பிறகு, "அவுக அந்தக் கல்லைப் பாக்குற மாதிரி ஒருநாளாவது நீங்க என்னையப் பாத்திருக்கீகளா?" என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. நான் என் சம்சாரத்தை அப்படிப் பார்த்ததில்லை என்பது ஒருபக்கம் இருக்கட்டும், என் கல்லையே நான் அப்படிப் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் காதர் பாய் வருகிறார். மணிமாலை வியாபாரம் செய்கிறவர், என் கடைக்கு நாலு கடை தள்ளி. ஈசல் இருந்த ஒரு கல்லை, "எடுத்துக்கிருங்க சார்" என்று சாதாரணமாகக் கொடுத்துவிட்டார். சார் அதைத் தேய்த்துப் பார்த்தார். தலைக்குள் தசைநார் வரை நன்றாக இருந்தது. கழுத்துக்குக் கீழே வெறும் கூடு. பல் இருக்கவேண்டிய இடத்தில் காற்று. காரியம் கெட்டாலும் அந்த நட்பு கெட்டியாகிவிட்டது. சனிக்கிழமை என் கடையில் கல்லைப் பார்த்துவிட்டு, டீ குடிப்பதற்குப் பாய் கடைக்குப் போவார். இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரிக்கிற சத்தம் என் கல்லாவரைக்கும் கேட்கும். என் கடையில் டீ கிடையாதா?

பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. பர்மா வழி அடைபட்டது. பிசின் கல் வரத்து நின்றே போனது. இருக்கிற கல்தான் கல் என்று ஆனபோது, ஒரு சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. மாட்டுத்தாவணியில் மாடு விலை பேசுகிறவர்கள் துண்டைப் போட்டு மூடி விரல் பிடிப்பார்களே, அதுபோல என் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, என் கையை உள்ளே நுழைத்தேன். என்ன சொல்கிறீர்களோ விரலில் சொல்லுங்கள் என்றேன். ரேகையில்லாத அந்த விரல்கள் என் கைக்குள் அசையாமல் கிடந்தன.

"எனக்கு இந்தப் பாஷை தெரியாது அண்ணே."

"அப்ப வாயால கேளுங்க சார். எம்புட்டு நாளைக்கு இப்படி வந்து பாத்துட்டுப் போவீக?"

"கேக்க மாட்டேன்."

"ஏன்? கேட்டாக் கொறஞ்சா போயிருவீக?"

அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். "இரவல்னு கேட்டா திருப்பித் தரணும். விலைக்குன்னு கேட்டா, நம்ம கல்லு எங்கேயோ ஒருத்தர் வீட்டுல இருக்குன்னு உங்களுக்கு ஒரு நெனப்பாவது மிஞ்சணும். நான் பாத்து முடிச்சா இது எங்கேயுமே இருக்காது. இல்லாம ஆக்கப்போற பொருளை எப்படிண்ணே கேக்குறது?"

இதைச் சொல்லிவிட்டு வழக்கம்போல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனார். துண்டும் கையுமாக நான் உட்கார்ந்திருந்தேன். ஆசையை இப்படி அடக்கிக்கொண்டு வாழ்கிற ஆளைப் பார்த்தால் மரியாதை வரவேண்டும் என்பார்கள். எனக்கு வயிறுதான் எரிந்தது. வேண்டும் என்று பட்டதை எடுத்துக்கொண்டுதான் நான் இந்த நிலைக்கு வந்தேன். வேண்டாம் என்று கைவிட்டு ஒருவர் என்னைவிட உயரமாக நிற்பது எந்தக் கணக்கில் சேரும்?

அவர் பெருந்தன்மைக்கு மனமிரங்கிக் கல்லைக் கொடுத்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நடந்தது வேறு. சில வாரம் கழித்துக் காதர் பாய் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, கல்கத்தாவில் ஒருவரிடம் ஈசல் மாட்டிய கல் ஒன்று இருக்கிறதாம், ஆள் அனுப்பியிருக்கிறேன் என்றார். "தலை என் கல்லுல கிடைச்சிருச்சு. வயிறும் என் கையாலயே கிடைச்சா, நாளைக்குச் சாரைப் பத்திப் பேசுறவுக என்னையும் சேத்துப் பேசுவாக இல்லண்ணே" என்று வெள்ளை மனதோடு சொன்னார். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து சார் வீடு திரும்பும்போது, நான் கல்லைத் துண்டில் முடிந்துகொண்டு அவர் வாசலில் நின்றேன்.

கையில் வாங்கியவர் நன்றி சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. "ஒரு நிபந்தனை இருக்கு சார். ஒவ்வொரு தடவ தேய்ச்சதும் முதல்ல நான் பாக்கணும். எனக்குப் பெறகுதான் நீங்க. கல்லு என்னுது" என்றேன். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவர் யோசித்தார். பிறகு, "சரிதான். அதுதான் முறை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கோச்சடைக்குப் போனேன். ஜன்னல் வெயிலை ஒரு சின்ன ஆடியில் பிடித்து மைக்ராஸ்கோப்புக்குள் திருப்பிவிடுவார். தேய்ப்பார், கழுவுவார், வைப்பார். வைத்துவிட்டு நாற்காலியை எனக்கு விட்டு ஒதுங்கி நிற்பார். நான் குனிந்து பார்ப்பேன். பழுப்பாக ஏதோ இருக்கும், வெற்றிலைக் கறை மாதிரி. அவ்வளவுதான் தெரியும். எழுந்துகொள்வேன். பிறகு அவர் குனிவார். குனிந்தவர் மூச்சுவிடுவது நின்றுபோகும். நான் பார்த்த அதே கறையிலிருந்து அவர் பென்சில் கண், நரம்பு, கழுத்துத் தசை என்று எடுத்துக்கொண்டே போகும். என் கல், என் முதல் பார்வை, இருந்தும் கிடைத்ததெல்லாம் அவருக்கு. கட்டிய வீட்டுக்குள் மற்றவன் குடியிருக்க, வாசலில் நின்று ஜன்னலைப் பார்க்கிறவன் போல் ஆனேன்.

ஒரு ஞாயிறு, "என்னண்ணே தெரியுது?" என்று கேட்டார். விட்டுக்கொடுக்க மனமில்லாமல், முன்னங்கால் நன்றாகத் தெரிகிறது என்றேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"முன்னங்கால் போன வாரமே தேஞ்சு தண்ணியில போயிருச்சே அண்ணே."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவர் கல்லைத் தொடவில்லை. அடுத்த ஞாயிறு வரும்போது உங்கள் சரக்குக் கிட்டங்கியிலிருந்து ஒரு கரப்பான் கொண்டுவாருங்கள் என்றார். சாம்பிராணிக் கிட்டங்கியில் கரப்பானுக்கா பஞ்சம்? கொண்டுபோனேன். தண்ணீருக்குள் வைத்து ஊசியால் பிரித்து, அந்த அரைக்கும் பையைக் குறுக்கே அறுத்து வைத்தார். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஒரு வட்டம். உள்ளே நடுவைப் பார்த்து நீட்டிக்கொண்டு முரட்டுப் பல், ஆறு. அடுத்து, மழையில் பிடித்து வைத்திருந்த ஈசல் ஒன்றை அதேபோல் அறுத்து வைத்தார். அதே வட்டம், அதே ஆறு. ஆனால் எள்ளுமுனை மாதிரிச் சின்னப் பல். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, எது கரப்பான், எது ஈசல் என்று என்னைச் சொல்லவைத்தார். நான் தவறாமல் சொன்ன பிறகுதான், "இனிமே நீங்க முதல்ல பாக்குறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு" என்றார்.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் கறை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிய ஆரம்பித்தது. இது தோல், இது தசை, இது குடல் என்று சொல்லத் தெரிந்தது. சில சமயம் தப்பாகச் சொல்வேன், அவர் திருத்துவார். பாய் கடைச் சிரிப்புக்குச் சமமாக எங்களுக்குள்ளும் ஒரு சிரிப்பு உண்டானது. கல்கத்தாக் கல் போலி என்று தெரிந்து பாய் கையை விரித்தபோது, நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். மனதுக்குள் வெல்லக்கட்டி கரைந்தது.

பிறகு அந்த ஞாயிறு. காலையிலிருந்து மேகம். வெயில் வருவதும் மறைவதுமாக இருந்தது. அவர் நாலு சுற்றுக்குப் பதில் இரண்டே சுற்று தேய்த்தார். இனி எந்தத் தேய்ப்பிலும் பல் இருக்கவேண்டிய இடம் வந்துவிடும், அது கூடாக இருந்தால் எல்லாம் முடிந்தது என்று வரும்போதே சொல்லியிருந்தார். கழுவி வைத்தார். ஆடியைத் திருப்பினார். ஒதுங்கி நின்றார்.

குனிந்தேன். ஒன்றும் தெரியவில்லை. மேகம் விலகி வெயில் விழுந்தது. உள்ளே தேன் நிறத்தில் எல்லாம் தெளிந்தது. நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் பல். எண்ணினேன். ஆறு. கரப்பானுடையதைப் போல முரட்டுப் பல் அல்ல. ஈசலுடையதைப் போல எள்ளுமுனையும் அல்ல. நடுத்தரம். மனிதன் என்று ஒருவன் இல்லாத காலத்தில் இரையை அரைத்துக்கொண்டிருந்த பல். உலகத்தில் எவனும் அதுவரை பார்க்காதது. சந்தனப் பொட்டு வைத்து வைத்து, வருஷக்கணக்காகக் கல்லாவின் மேல் வைத்திருந்தேனே, அதற்குள்ளே இது இருந்திருக்கிறது.

நான் எழுந்திருக்கவில்லை. என்ன தெரிகிறது என்றும் சொல்லவில்லை. என் பின்னால் அவர் நிற்பது தெரிகிறது. வெயில் எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடும் என்பதும் தெரிகிறது. அவர் ஆயுசுப் பாடு அந்தக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை, தோளைத் தொடவில்லை, இருமக்கூட இல்லை. கடைசியில் அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

"அண்ணே" என்றார் வெகுநேரத்துக்குப் பிறகு. "நீங்க எந்திரிக்காம இருக்கிறதுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இருக்கு, இல்ல?"

"இருக்கு சார். ஆறு."

"பெருசா, சின்னதா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

திரும்பிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கண் ஈரமாக இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் யாரைப் பாத்தும் பொறாமைப்பட்டதில்ல அண்ணே. அப்படித்தான் நெனச்சிருந்தேன். இப்ப உங்களைப் பாத்து வயிறு எரியுது. இதை முதல்ல பாத்த கண்ணு உங்க கண்ணு. இனிமே நான் எம்புட்டுப் பாத்தாலும் ரெண்டாவது ஆளுதான்."

எழுந்து நாற்காலியை விட்டேன். அவர் குனிந்தார். அன்று அவர் வரைந்து முடிக்கும்வரை வெயில் மறையவில்லை. அந்தப் படத்தைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பினார். உங்களில் பலர் அதை அச்சில் பார்த்திருப்பீர்கள். கல் யாருடையது என்று போடவேண்டும், பெயரை எப்படி எழுதட்டும் என்று கேட்டார். கடைப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள் என்றேன். லண்டனிலிருந்து எவன் வந்து சாம்பிராணி வாங்கப்போகிறான் என்று செல்லம்மாள் கேட்டாள். சார் மறக்காமல் போட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு போனபோது, இதோடு நிறுத்திவிடலாமே, இந்தப் படலத்தை இப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டாமா என்று மட்டும் கேட்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் சரி என்று சொல்லியிருக்காவிட்டால் அவர் தொட்டிருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். "தேயுங்க சார்" என்றேன். பலகையில் தண்ணீர் விட்டார். அந்த ஆறு பல்லும் மஞ்சள் தூளாகத் தண்ணீரில் இறங்கிப் போனதை இருவரும் பார்த்தோம். வால்வரை போய் முடித்தார். ஒன்றும் மிச்சமில்லை.

பித்தளைத் தட்டு இன்னும் என் கல்லாவின் மேல் இருக்கிறது, வெறுமையாக. வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் கல் எங்கே என்று கேட்டால், கோச்சடை வாத்தியார் கண்ணில் இருக்கிறது என்பேன். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. அவரை அடக்கம் செய்த அன்று, மண் போடும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அதைப் பார்த்த கண் இந்த உலகத்தில் நாலே நாலு. அதில் இரண்டு மூடிவிட்டது.

அவர் வரைந்த படத்தைக் கல்லூரி வைத்துக்கொள்ளட்டும். அவர் மைக்ராஸ்கோப் யாருக்குப் போகவேண்டுமோ போகட்டும். அவருடைய சின்னப் பூதக்கண்ணாடியைக் காதர் பாய் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டு முந்தாநாள் முழுக்க எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. பிறகு தேற்றிக்கொண்டேன். தேன் நிறத்தில் அந்த வட்டம் என் கண்ணில் இருக்கிறது. இத்தனை பேர் அழ வந்த அந்த மனிதர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரே ஒருவனைப் பார்த்துப் பட்ட பொறாமையும் என்னிடம்தான் இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.